அடித்தால் ஆள் பறக்கிற கோல்ஃப்

"இது கோல்ஃபும் இல்ல, ஒண்ணும் இல்ல. கிரேன் வேலை" என்றார் எதிர்வீட்டு மாமா. துறைமுகத்தில் கப்பலிலிருந்து கன்டெய்னர் இறக்குகிற கிரேனை ஓட்டுகிறவர். "கேரம்ல தோத்துப்போன எவனோ எழுதியிருக்கான்" என்றார் அண்ணி. "கில்லே இல்ல, இதெல்லாம் ஒரு கேமா?" என்றான் அண்ணியின் மகன், கையிலிருந்த பப்ஜியிலிருந்து கண்ணை எடுக்காமல். ஆயா கருத்துச் சொல்லவில்லை, கேள்விதான் கேட்டது: "அந்தாளு ஏன்டா தன்னைத்தானே அடிச்சிக்கினு பறக்கிறான்? குடிச்சிருக்கானா?"

2020 ஜூன் மாதம். ராயபுரத்தில் எங்கள் தெருவின் இரண்டு முனையையும் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். மாநகராட்சி தினமும் வெளியிட்ட மண்டலவாரிக் கணக்கில் ராயபுரம்தான் மேலே நின்றது. 19-ஆம் தேதியிலிருந்து சென்னைக்கு மறுபடியும் முழு ஊரடங்கு வேறு. நான் வேலை பார்க்கும் க்ளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் பாதிப் பேரை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பாதியில் நானும் ஒருவன்.

பெரியம்மா மகன், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், கப்பல்காரர். மார்ச் தொடக்கத்தில் சைன்-ஆஃப் ஆகி வீட்டுக்கு வந்தவர், அடுத்த கப்பலுக்கு ஏற வழியில்லாமல் உட்கார்ந்திருந்தார். கரையில் இருக்கும் நாளுக்குச் சம்பளம் கிடையாது. ஒப்பந்தம் முடிந்தும் இறங்க முடியாமல் கடலில் மாட்டிக்கொண்டவர்கள் நான்கு லட்சம் பேர் என்று அந்த ஆண்டுக் கடைசியில் சர்வதேசக் கடல்சார் அமைப்பு சொன்னது. அவர்களை மாற்றிவிடப் போகவேண்டியவர்கள் அண்ணன் மாதிரி வீட்டு வாசலில் நின்று துறைமுகத்தின் சங்கொலியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சிங்கப்பூரில் வாங்கிய நின்டென்டோ ஸ்விட்ச் ஒன்று அவரிடம் இருந்தது. நம் நாட்டில் அந்தக் கம்பெனி நேரடியாகக் கடை விரிக்கவில்லை. வேண்டும் என்பவர்கள் பர்மா பஜாரிலோ ரிச்சி தெருவிலோ விசாரித்துத்தான் வாங்கவேண்டும். மே 21-ஆம் தேதி அதற்கு வெளியான ஒரு கேமை அண்ணன் இறக்கி வைத்திருந்தார். பெயர் 'வாட் த கோல்ஃப்?'. கேள்விக்குறியும் பெயரோடு சேர்ந்ததுதான்.

டென்மார்க்கின் கோபன்ஹேகனில் இருக்கும் டிரைபேண்ட் என்ற சின்னக் கம்பெனி செய்தது அது. 2019 செப்டம்பரில் ஆப்பிள் ஆர்கேடில் முதலில் வந்தது. ஐபோன் வைத்திருந்தவர்கள் அப்போது மாதம் 99 ரூபாய் கட்டினால் மற்ற கேம்களோடு இதையும் ஆடலாம். எங்கள் மாடியில் மூன்று குடித்தனம், ஐபோன் ஒன்றுகூட இல்லை. கோல்ஃபை வெறுப்பவர்களுக்கான கோல்ஃப் என்றுதான் அவர்களே விளம்பரம் செய்திருந்தார்கள். அங்கேதான் எங்களுக்கு முதல் சிக்கல். வெறுப்பதற்காவது கொஞ்சம் பழக்கம் வேண்டாமா?

பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே முதல் கோல்ஃப் கிளப் 1829-இல் கல்கத்தாவில் வந்தது. மதராஸுக்கும் அந்தப் பழக்கம் வந்தது. ஆனால் வந்த இடம் கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தின் உள்பக்கம், இன்னொன்று நந்தனம். இரண்டுமே தெற்கே. வடக்கே எங்களுக்கு 1856-இல் ரயில் நிலையம் கிடைத்தது, பிறகு மில், மீன்பிடித் துறைமுகம், என்ஃபீல்டு, லேலண்டு, தீப்பெட்டிக் கம்பெனி, அனல்மின் நிலையம் எல்லாம் கிடைத்தன. விளையாட்டுச் சாமானோடு எங்கள் பகுதிக்கு ஒரு தொழில் உறவு உண்டென்றால் எம்.ஆர்.எஃப்பைச் சொல்லலாம். 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கிய தொழில் அது. பலூன் டயராகிவிட்டது.

நான் கண்ணால் பார்த்த கோல்ஃப், அண்ணா சாலையில் பஸ்ஸில் போகும்போது மரத்துக்கு நடுவே தெரிந்த பச்சைதான். கிண்டி மைதானத்தின் குத்தகையை 2024-இல் அரசு ரத்து செய்து நிலத்தை எடுத்துக்கொண்டது, வெள்ளநீரைத் தேக்க அங்கே குளங்கள் வெட்டினார்கள். பந்து விழக்கூடாத இடம் என்று கோல்ஃபில் வைத்திருப்பதே குளத்தைத்தான். டிரைபேண்டுக்காரர்கள் கேள்விப்பட்டிருந்தால் ஒரு குழிக்கு ஆகும் என்று எடுத்து வைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் டிவி பெட்டிக்குள் கோல்ஃப் எனக்குப் புதிதில்லை. தொண்ணூறுகளில் திருவொற்றியூர் தேரடிப் பக்கம், பாட்டி வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு டிவி கேம் கடை இருந்தது. பழைய கலர் டிவிகளும், பர்மா பஜாரில் வாங்கிய நின்டென்டோ நகல் பெட்டிகளும், அரைமணிக்கு இவ்வளவு என்று வாடகையும். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்களுக்காக 1969-இல் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே உருவான அந்தக் கடைவரிசை இல்லையென்றால் வடசென்னையில் ஒரு தலைமுறைக்கு மரியோவும் இல்லை, கான்ட்ராவும் இல்லை. ஒரே கேசட்டில் அறுபது எழுபது கேம் இருக்கும். பட்டியலின் நடுவில் 'கோல்ஃப்' என்று ஒரு வரி. யாரும் அதைத் திறக்க மாட்டார்கள். சாகும் ஆள் கிடையாது, குதிக்கும் ஆள் கிடையாது. மீசை வைத்த குண்டு மனிதர் ஒருவர் பச்சைத் தரையில் தடியோடு நிற்பார்.

அதை நாங்கள் திறந்தது பெரிய பையன்கள் கான்ட்ராவைப் பிடித்துக்கொண்டு விடாத நாட்களில். பட்டனை ஒருமுறை அழுத்தினால் கீழே பட்டையில் ஒரு கோடு ஓடும். இரண்டாவது அழுத்தல், எவ்வளவு வேகம் என்பதற்கு. கோடு திரும்பி வரும்போது மூன்றாவது அழுத்தல், பந்து நேராகப் போகுமா வளையுமா என்பதற்கு. பார், போகி என்று திரையில் வந்ததெல்லாம் எங்களுக்குப் புரியவும் இல்லை, தேவைப்படவும் இல்லை. எங்கள் கடையின் சட்டம் வேறு: பந்தைக் குளத்தில் போட்டவனுக்குத்தான் மரியாதை, மொத்தத்தில் எண் அதிகம் எடுத்தவன்தான் ஜெயித்தவன். குழிக்குப் பக்கத்தில் வந்துவிட்ட பந்தைத் திருப்பி அடித்துக் குளம்வரை கொண்டுபோய்ச் சேர்க்க நிஜமாகவே திறமை வேண்டும். கடைக்காரர் எட்டிப் பார்த்து, "ஏன்டா டேய், குழி அந்தப் பக்கம்டா" என்று கத்துவார். அவருக்கும் வேறொன்றும் தெரியாது.

அந்த கேமுக்கு நிரல் எழுதியவர் சதோரு இவாட்டா என்று பின்னாளில் படித்தேன். 1984-இல் வந்த கேம். 18 குழியையும் அத்தனை சின்ன நினைவகத்தில் அடைக்கமுடியாது என்று மற்றவர்கள் கைவிட்ட வேலையை எச்ஏஎல் லேபரட்டரியில் இருந்த இளைஞர் எடுத்துச் செய்தார். அந்த ஓடும் கோடு, இரண்டாவது மூன்றாவது அழுத்தல், எல்லாம் பிறகு வந்த எத்தனையோ கோல்ஃப் கேம்களுக்கு இலக்கணமாகிவிட்டது. அவர் 2002-இல் நின்டென்டோவின் தலைவரானார், 2015 ஜூலை 11-இல் இறந்தார். 2017-இல் சிலர் ஸ்விட்ச் பெட்டியைத் துருவியபோது உள்ளே அந்தப் பழைய கோல்ஃப் ஒளித்து வைக்கப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். ஜூலை 11 அன்று கையை அவர் பாணியில் முன்னே நீட்டினால்தான் திறக்கும்படி வைத்திருந்தார்கள். இவ்வளவு பயபக்தியோடு ஒரு தொழிற்சாலை வணங்குகிற கேமில் நாங்கள் பந்தைக் குளத்தில் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தோம். அதில் எனக்கு வருத்தமெல்லாம் இல்லை. நகைச்சுவைக் கோல்ஃப் என்று ஒன்றை முதலில் ஆடியவர்கள் நாங்களாகக்கூட இருக்கலாம்.

2020-இல் நடந்தது இதற்கு நேர் எதிர். சிரிப்பதற்கென்றே செய்த கோல்ஃபை எங்கள் வீட்டில் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஆடினார்கள்.

முதல் குழி ஒழுங்காகத்தான் இருக்கும். குறி பார்த்து, பட்டனை அழுத்திப் பிடித்து, விட்டால் பந்து போய்க் கொடிக்குப் பக்கத்தில் விழும். சரி என்று அடுத்ததில் அதே மாதிரி அழுத்தி விட்டால் பந்து அப்படியே இருக்கும், அடித்த ஆள் காற்றில் பறந்து கைகால் பரப்பிக்கொண்டு விழுவான். அவனைத்தான் குழிவரை அடித்து அடித்துக் கொண்டுபோகவேண்டும். அதற்கடுத்து தடி பறக்கும். அப்புறம் சோஃபா. அப்புறம் வீடு. கார், குதிரை, அம்பு என்று போய்க்கொண்டே இருக்கும். எதை அடிக்கிறோம், எது நகரும், எது குழி என்பது ஒவ்வொரு தடவையும் மாறும். கேம் சொல்லித்தருவது ஒன்றே ஒன்று: குறி வை, அழுத்து, விடு. மீதியைப் பார்த்துக்கொள்.

தடி தனியாகப் பறந்தபோது பையன் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான். "காண்ட்ராக்டர் நேசமணி" என்றான். 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் நேசமணியாக வரும் வடிவேலு தலையில் சுத்தியல் விழுகிற காட்சி 2001-இல் வந்தது, 2019 மே மாதம் யாரோ கிளப்பிவிட்டதில் அவருக்காக உலகமே பிரார்த்தனை செய்தது. அவன் சொன்னது சரியான விமர்சனம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். இந்த கேமில் வேலை செய்வது உடம்பு நகைச்சுவை மட்டும்தான். ஒவ்வொரு குழி முடிந்ததும் ஆங்கிலத்தில் ஒரு சிலேடை வரும், அதற்கு எங்கள் வீட்டில் யாரும் உதட்டைக்கூட அசைக்கவில்லை. நாம் நகர்ந்தால்தான் நேரமும் நகரும் என்கிற 'சூப்பர்ஹாட்', ஒரு ஓட்டையில் நுழைந்து இன்னொன்றில் வெளியே வருகிற 'போர்ட்டல்' என்று வேறு கேம்களைக் கலாய்க்கும் குழிகளும் உண்டு. அவற்றை ஆடியவனுக்குத்தான் கலாய்ப்பு புரியும். எங்களுக்கு அது வெறும் புதுக் குழி. புத்திசாலிகள் தங்களுக்குள் கண்ணடித்துக்கொள்கிற அந்த இடங்களில் கேம் கொஞ்சம் சோர்ந்துதான் போகிறது.

வீடு பறந்தபோது ஆயா சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு புடவையில் வழிந்தது. சிரித்து முடித்துவிட்டு, "நம்ம சின்னாத்தா வூட்டையும் இப்பிடித்தான் தூக்கிக்கினு போய் எர்ணாவூர்ல வெச்சாங்க" என்றது. சுனாமிக்குப் பிறகு கடலோரத்திலிருந்து எடுக்கப்பட்ட குடும்பங்களில் ஆயாவின் தங்கை குடும்பமும் ஒன்று. முதலில் எர்ணாவூரில் தற்காலிகக் கொட்டகை, பிறகு சுனாமி குடியிருப்பு. "அந்தக் குழில போட இவனுக்கு எத்தினி அடி?" என்று கேட்டது. மூன்று என்றேன். "பரவால்ல, சுருக்கா முடிச்சிட்டான்" என்றது.

எதிர்வீட்டு மாமாவுக்குத் துறைமுகம் அத்தியாவசியப் பணி என்பதால் பாஸ் உண்டு, ஷிப்ட் உண்டு. தினமும் வெளியே போய்வருகிற ஆளை ஆயா உள்ளே விடவில்லை. "நீ வாசப்படியாண்டயே குந்திக்கோ" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஸ்விட்ச்சில் அது ஒரு வசதி. நீலமும் சிவப்புமாக இரண்டு கைப்பிடி தனித்தனியாகக் கழன்று வரும், வயர் கிடையாது. அதில் ஒன்றை சானிடைசர் போட்டுத் துடைத்து வாசல்படிக்கு நீட்டுவோம். அவர் அங்கிருந்தே முகக்கவசத்தோடு ஆடுவார்.

சோஃபா வந்த குழியில்தான் அவர் கேமுக்குள் இறங்கினார். பந்தை அடிக்கிற வேகத்தில் சோஃபாவை அடித்தால் அது பாதியில் கவிழ்ந்து கால் நான்கும் மேலே நிற்கும். அவர் ஒருமுறை கவிழ்த்தார். "இரு" என்றார். அடுத்த அடி மிகச் சின்னது. சோஃபா ஒரு பக்கம் எழும்பி, கொஞ்சம் நின்று, தானாகவே முன்னால் விழுந்தது. அடுத்த அடி அது விழுந்துகொண்டிருக்கும்போதே. குழிக்குள் போய்விட்டது.

"வெயிட் தெரிஞ்சவன் எழுதியிருக்கான்பா" என்றார். அப்புறம் அரைமணி நேரம் கேம் ஆடாமல் கிரேனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கேபின் மேலே தள்ளுவண்டியோடு சேர்ந்து ஓடும், காலுக்குக் கீழே கண்ணாடித் தரை, முழு ஷிப்டும் இரண்டு முட்டிக்கு நடுவே குனிந்து பார்த்தபடியே வேலை. கீழே கம்பிக் கயிற்றில் ஸ்ப்ரெடர் தொங்கும். அதன் நான்கு மூலையிலும் இருக்கிற ட்விஸ்ட் லாக் கன்டெய்னரின் நான்கு ஓட்டைக்குள் போய்த் திரும்பினால்தான் பிடி. தூக்கிக்கொண்டு ஓடி நிறுத்தினால் நாம்தான் நிற்போம், 30 டன் பெட்டி நிற்காது, ஆடும். ஆடுகிற பெட்டியை நிறுத்த பின்னால் இழுத்தால் இன்னும் ஆடும். அது எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே கேபினைக் கொண்டுபோய், சரியாக அதன் தலைக்கு மேலே நிற்கவேண்டும். ஆட்டம் செத்துவிடும். "புதுசா வர்ற பசங்களுக்கு இது வர மாசக்கணக்குல ஆவும். பயந்துக்கினு எதிர்ப்பக்கம் இழுப்பானுங்க. இந்த கேமும் அத்தையேதான் சொல்லுது. அது போற பக்கம் நீ போ."

டிரைபேண்டில் இருக்கிறவர்கள் யாரும் கிரேன் ஓட்டியிருக்கமாட்டார்கள். ஆனாலும் அந்த கேமைப் பற்றி நான் கேட்டதில் படித்ததில் எல்லாம் உருப்படியான கருத்து இதுதான். தமாசு ஒருபக்கம் இருக்கட்டும், எடையை ஏமாற்றாமல் வைத்திருக்கிறார்கள் என்றார் மாமா. சோஃபா சோஃபா மாதிரி விழாமல் பந்து மாதிரி உருண்டிருந்தால் யாருக்கும் சிரிப்பு வந்திருக்காது.

அண்ணி வேறு கட்சி. கல்யாணத்துக்கு முன் வியாசர்பாடியில் கேரம் ஆடியவர். எங்கள் பக்கத்தில் கேரம் என்றால் மாலைநேரப் பொழுதுபோக்கு மட்டுமில்லை. தெருவுக்கு ஒரு கிளப், பவுடர் வாசம், விளக்குக்குக் கீழே போர்டு. சென்னைக்காரர் மரிய இருதயம் 1996-இல் கேரமுக்காக அர்ஜுனா விருது வாங்கினார். வியாசர்பாடி இளவழகி உலகப் பட்டம் வென்றார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகர்ப் பெண், அப்பா ஆட்டோ ஓட்டுநர். 'வட சென்னை' படத்தின் நாயகன் கேரம் வீரனாக இருந்தது இயக்குநரின் கற்பனை வளம் என்று தெற்கே இருப்பவர்கள் நினைத்திருப்பார்கள். இங்கே யாரும் அப்படி நினைக்கவில்லை.

அண்ணிக்கு கேமின் மேல் இருந்த கோபம் நியாயமானது. "கேரம்ல ஸ்ட்ரைக்கர் ஸ்ட்ரைக்கர்தான், காயின் காயின்தான். நான் மிஸ் பண்ணா அது என் விரலோட தப்பு. இதுல எது ஸ்ட்ரைக்கர்னே சொல்லமாட்டேன்றான். நான் எத்த பழகறது?" திறமை என்றால் ஒரே செயலை ஆயிரம் முறை செய்து கைக்குள் கொண்டுவருவது என்று பழகியவரிடம், ஒவ்வொரு முறையும் செயலையே மாற்றினால் எரிச்சல் வரத்தான் செய்யும். இந்த கேமை எளிது, சப்பை என்று சொல்பவர்கள் பலரும் சொல்லவருவது இதைத்தான் என்று தோன்றுகிறது. கஷ்டம் இல்லை என்பது அவர்கள் குறை இல்லை. தேர்ச்சி பெற ஒன்றுமில்லை என்பதுதான்.

ஆனால் தேர்ச்சிக்கும் கேமில் இடம் வைத்திருந்தார்கள், கொஞ்சம் மறைத்து. ஒவ்வொரு குழிக்கும் பின்னால் இன்னும் இரண்டு சவால் உண்டு. முதல்முறை எப்படியாவது போட்டால் கொடி கிடைக்கும். அடுத்ததில் இத்தனை அடிக்குள் போடு என்பான், இல்லை வேறு ஏதாவது நிபந்தனை வைப்பான். எல்லாம் முடித்தால் கிரீடம். அண்ணி அதைப் பார்த்த நாளிலிருந்து கேமைத் திட்டுவதை நிறுத்தவில்லை, ஆடுவதையும் நிறுத்தவில்லை. சுவரில் மோதித் திரும்பி வருகிற கோணங்களை அவர் போடுகிற அழகே தனி. குறி வைக்கும்போது கட்டைவிரலுக்குப் பதில் ஆள்காட்டி விரல் துடிக்கும்.

பிறகு ஸ்விட்ச்சுக்கென்று சேர்த்திருந்த இருவர் ஆட்டத்தை அண்ணன் திறந்துவிட்டார். கோல்ஃபில் ஒருவர் அடிக்க மற்றவர் காத்திருப்பார் இல்லையா, இதில் அந்த மரியாதையெல்லாம் இல்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டு ஓடவேண்டும். நாற்காலியில் அண்ணி, வாசல்படியில் மாமா. சாயங்காலம் நாலு மணிக்குத் தொடங்கினால் ஆயா டிவி சீரியலுக்காகக் கத்தும்வரை போகும். பழைய அத்தியாயங்களைத்தான் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்கள், ஆனாலும் ஆயாவுக்கு அது வேண்டும். சில நாளிலேயே எங்களுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. உருள்கிற, சறுக்குகிற, லேசான சாமான் எது வந்தாலும் அண்ணிதான் ஜெயிப்பார். கவிழ்கிற, தொங்குகிற, கனமானது எது வந்தாலும் மாமா. திரையில் என்ன வரப்போகிறது என்பதை வைத்து நானும் அண்ணனும் முன்கூட்டியே முடிவு சொல்ல ஆரம்பித்தோம். வெறும் காமெடி என்று கழித்துக் கட்டிய கேம், யார் எந்த வேலை பார்த்த கை என்று காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

அண்ணன் அதிகம் ஆடவில்லை. கப்பல் சாப்பாட்டு அறையில் பிலிப்பினோக்களோடு ஃபிஃபா ஆடி அவர் கை பழகியது வேறு. கோல்ஃப் என்றதும் அவருக்கு ஞாபகம் வந்தது பழைய கப்பல்காரர்கள் சொன்ன கதை. முன்பெல்லாம் பயணிகள் கப்பலின் மேல்தளத்தில் நின்றுகொண்டு கடலுக்குள் கோல்ஃப் பந்து அடிப்பது ஒரு பொழுதுபோக்காம். பிளாஸ்டிக் எதையும் கடலில் போடக்கூடாது என்கிற மார்போல் விதி 1988 கடைசியில் நடைமுறைக்கு வந்தபிறகு அது நின்றது. "உலகத்திலயே பெரிய குழி. மிஸ்ஸே ஆவாது" என்றார். தேரடிக் கடையில் நாங்கள் வைத்திருந்த சட்டத்தைச் சொன்னேன். அவருக்கு அது சிரிப்பாக இல்லை. கப்பல் எப்போது வரும் என்று மெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுவில் கேம் தொய்ந்ததும் உண்மை. எதிர்பாராதது வரும் என்று ஆன பிறகு எதிர்பாராததும் வழக்கமாகிவிடுகிறது. பந்தை அடித்தால் மரம் பறக்குமா, மாடு பறக்குமா என்று பந்தயம் கட்டும் நிலைக்கு வந்தபிறகு மாடே பறந்தாலும் யாரும் கவலைப்படவில்லை. அந்தச் சமயத்தில் ஒரு குழியில் பந்து பந்தாகவே கிளம்பி, நேராகப் போய், குழிக்குள் விழுந்தது. அவ்வளவுதான், வேறொன்றும் ஆகவில்லை. அன்றைக்கு எல்லாரும் சிரித்த அளவுக்கு அதற்கு முன்னும் பின்னும் சிரிக்கவில்லை. சில சாயங்காலத்தில் முடிந்துவிடுகிற கேம் அது, காசுக்கு நீளம் போதாது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியான நீளம். ஜோக் சொல்பவன் எழுந்து போகத் தெரிந்தவனாக இருக்கவேண்டும்.

செப்டம்பர் 2-ஆம் தேதி மத்திய அரசு பப்ஜியைத் தடை செய்தது. மறுநாள் பையன் சத்தமில்லாமல் வந்து நீலக் கைப்பிடியை எடுத்துக்கொண்டான். அம்மா வாங்கிவைத்திருந்த கிரீடங்களையெல்லாம் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் யாரோடும் பேசவில்லை. ஒரு வாரம் ஆடினான். கருத்து மாறியதா என்று கேட்டேன். "மோசமில்ல" என்றான். பிறகு ஃப்ரீ ஃபயருக்குப் போய்விட்டான்.

அதே கம்பெனி பிறகு 2022-இல் பேஸ்பாலை வைத்து ஒன்றும் 2023-இல் காரை வைத்து ஒன்றும் செய்தது. கார் கேமில் காருக்குக் கால் முளைத்து ஓடும். அதை ஒரு போனில் மாமாவுக்குக் காட்டினேன். "நம்ம ஊருக்கு ஒண்ணு போடச் சொல்லுப்பா" என்றார். நாங்களே அன்றைக்கு உட்கார்ந்து போட்டோம், வாயால்தான். காசிமேட்டில் ஏலக்கூடை ஒரு குழி: மீனை அடித்தால் கூடை பறக்கவேண்டும், விலை மட்டும் இறங்கக்கூடாது. விம்கோ நகர் மெட்ரோ ஒரு குழி: ரயிலை அடித்தால் ஸ்டேஷன் போய் ரயிலில் ஏறவேண்டும். அண்ணி தன் பங்குக்கு ஒரு கேரம் போர்டு வைத்தார். அதில் ஸ்ட்ரைக்கர் ஸ்ட்ரைக்கராகவே இருக்கும், அதில்தான் எல்லாரும் ஏமாறுவார்கள் என்றார்.

மாமாவின் குழி எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு. துறைமுக கேட்டுக்கு வெளியே கன்டெய்னர் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கின்றன. முதல் லாரியை அடிக்கிறோம். லாரி நகராது. ரோடு நகரும், இரண்டு பக்கத்து வீடுகளும் நகரும், டீக்கடை நகரும், திருவொற்றியூரே மெதுவாக நகர்ந்து மணலிப் பக்கம் போகும். லாரி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும்.

"எத்தனை அடிக்குள்ள போடணும் மாமா?" என்று கேட்டேன்.

"அடிக்கணக்கு இல்ல. டிரைவரு தூங்கி எழுந்திருக்கணும், கேட்டு தொறக்கணும், அது வரைக்கும் அடிச்சிக்கினே இருக்கவேண்டியதுதான்."

"அப்ப கிரீடம்?"

"அது சரக்குப் பார்ட்டிக்குப் போவும். லேட்டுக்கு டெமரேஜ் கட்டறவன் அவன்தானே."